இரைச்சல் எங்கேருந்து வருது

வாங்கம்மா, வாங்க. செருப்பு அங்கேயே கெடக்கட்டும். ஃபேன் போட மாட்டேன், கோவிச்சுக்காதீங்க, அதோட ரெகுலேட்டர் மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஜன்னலோரமா உக்காருங்க, காத்து வரும்.

ஆம்ப்ளிஃபயர் பாக்கத்தானே வந்தீங்க? போன்ல பேசினது என் வீட்டம்மா. விளம்பரம் குடுத்ததும் அவதான்னு எனக்கே நேத்துதான் தெரியும். விக்கிறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. தேடி வர்றவங்களத் திருப்பி அனுப்பினா நல்லாயிருக்காதுன்னு அவ சொன்னா, நானும் சரின்னுட்டேன். பிலோ, ரெண்டு காபி போடும்மா. மிக்ஸி கிக்ஸி எதையும் போட்டுடாதே.

யாருக்கு, உங்க வீட்டுக்காரருக்கா? இன்னும் ஆகலையா. அப்ப அண்ணனோ தம்பியோ வாசிக்கிறாரு போல. அவர் கிட்டாரையும் நீங்களே முதுகுல சுமந்துட்டு வந்திருக்கீங்க, அவரே ஒரு நடை வந்திருக்கலாம். பரவாயில்லை, நான் சொல்றத அப்படியே அவர்கிட்ட சொல்லிடுங்க. இது சாதாரண பொருள் இல்லை. இதுல ஒரு பிரச்சினை இருக்கு. அந்தப் பிரச்சினை இதுல இல்லை. அதைத்தான் சொல்ல வர்றேன்.

என் பேரு விக்டர் அமலநாதன். இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் செக்‌ஷன்ல இருந்து ரிட்டையர் ஆனவன். கடை எரிஞ்சு போச்சு, லாரி கவுந்து போச்சுன்னு வர்றவங்க முகத்தைப் பாத்தே எது நெசம், எது டூப்புன்னு சொல்லிடுவேன். என் காதுல யாரும் பூ சுத்த முடியாது. ஒரு தடவை திண்டுக்கல்லு பார்ட்டி ஒருத்தன் எரிஞ்ச குடோனைக் காட்டினான். நான் சாம்பலை எடுத்து மோந்து பாத்து, இது நெல்லு சாம்பல் இல்லை, உமி சாம்பல்னு சொன்னேன். அழுதுட்டான். அந்த மூக்கு எனக்கு.

ரிட்டையர் ஆனா ஆளாளுக்கு ப்ளாட் வாங்குவாங்க, பையன் இருக்கிற ஊருக்குப் போவாங்க. நான் இதை வாங்கினேன். காலேஜ்ல கிட்டார் வாசிச்சவன். நடுவுல வேலை, டிரான்ஸ்ஃபர், பிள்ளைங்க படிப்புன்னு அது பரண்ல கெடந்துச்சு. இப்ப பின்பக்கம் குனிஞ்சு பாருங்க. அந்தக் காலத்து ரேடியோவுல இருக்குமே, அந்த வால்வுங்க. சூடாகி லேசா ஆரஞ்சு கலர்ல எரியும். இந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் எதுலயும் இந்த நாதம் வராது. அதான் வாங்கினேன்.

கொண்டு வந்து வெச்சு, கிட்டாரை மாட்டி, ஆன் பண்ணேன். ங்ங்ங்ங்ங்னு ஒரு இரைச்சல். நான் இன்னும் ஒரு கம்பியைக்கூடத் தட்டல. 

என்னம்மா? வால்யூமைக் குறைச்சு வெக்கலாமா? இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. எங்க மாதா கோயில் ஃபாதர் சொன்னாரு, எதிர்வீட்டு ரத்தினவேல் சொன்னாரு, என் பையன் துபாய்ல இருந்து போன்ல சொன்னான். வால்யூமைக் குறைச்சா இரைச்சலும் குறையும், பாட்டும் குறையும். அது தீர்வு இல்லைம்மா, சமரசம். நான் என் சர்வீஸ்ல சமரசமே பண்ணினதில்லை.

முதல்ல ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். வீட்ல ராப்பகலா ஓடுறது அது ஒண்ணுதான், அதனால சந்தேகம் முதல்ல அது மேலதான் வரணும். பிலோமினா வஞ்சிர மீன்ல மசாலா தடவி உள்ள வெச்சிருந்தா. மறுநாள் அவ அண்ணன் குடும்பம் சாப்பிட வர்றாங்க. மீன் கெட்டுடும்னு எடுத்துட்டுப் போயி ரத்தினவேல் வீட்டு ஃப்ரிட்ஜுல வெச்சா. இரைச்சல் போகல. அப்ப எனக்குத் தோணிச்சு, ரத்தினவேல் வீடும் நம்ம வீடும் ஒரே கம்பத்துலேருந்துதான் கரண்ட் எடுக்குது. அவர் வீட்டு ஃப்ரிட்ஜையும் நிறுத்தச் சொல்லலாம்னு போனேன். அவர் ஆபீஸுக்குப் போயிட்டாரு, அவரோட வயசான அம்மா மட்டும் இருந்தாங்க. அந்தம்மாவுக்குக் காது கேக்காது, எதுக்குன்னும் கேக்கல, தலையாட்டினாங்க. நானே நிறுத்திட்டு வந்தேன். திருப்பிப் போட மறந்துட்டேன். அன்னிலேருந்து ரத்தினவேல் என்னைப் பாத்தா செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னாடி வெச்சுக்கிறாரு. மச்சினன் குடும்பத்துக்கு மறுநாள் முட்டைக் குழம்பு. பிலோமினா ஒரு வார்த்தை சொல்லல. அவ அப்படித்தான், பொறுமைசாலி.

அடுத்து எர்த். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னாடி குழி தோண்டி கரியும் உப்பும் போட்டு ஒரு குழாயைப் புதைச்சிருப்பாங்க. கரண்ட் கசிஞ்சா பூமிக்குள்ள போறதுக்கு. வெயில் காலத்துல அது காஞ்சு போயிடும். காஞ்ச எர்த்துதான் இரைச்சலுக்கு மூல காரணம்னு ஒரு யூடியூப் வீடியோவுல ஒருத்தர் அடிச்சுச் சொன்னாரு. ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கிட்டு வந்து கொட்டினேன். நான் இங்க கிட்டாரோட உக்காந்திருப்பேன், பிலோமினா அங்க குடத்துல தண்ணி ஊத்துவா. "ஊத்து"ன்னு நான் கத்துவேன், அவ ஊத்துவா. "குறையல, இன்னொரு குடம்." அவளுக்கு மூட்டு வலி இருக்கு, ஆனா முகம் சுளிக்கல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் பண்ணி எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. குழிக்குப் பக்கத்துல அவ வெச்சிருந்த கறிவேப்பிலை மரம் உப்புத் தண்ணி குடிச்சு பட்டுப்போச்சு. அது கிடக்குது, கடையில கொசுறாவே தர்றான்.

இரைச்சல் குறைஞ்சுதான்னு கேக்குறீங்களா? குறையல. ஆனா முன்னைவிடத் தெளிவாச்சு.

கேபிளா? எந்தக் கேபிள், இந்தக் கிட்டார்லேருந்து போறதா? அதுல மட்டும் சந்தேகமே வேண்டாம். கடையில விக்கிறதெல்லாம் ஏமாத்து வேலை. இது என் கையால பண்ணது. வீடு கட்டினப்ப காலிங் பெல்லுக்கு வாங்கின ஒயர் மிச்சம் இருந்துச்சு, நல்ல செம்பு, அதை முறுக்கி ரெண்டு பக்கமும் நானே பத்த வெச்சேன். அதை நான் சோதனை பண்ணவேயில்லை, தேவையில்லைங்கிறதால.

ஏன் சிரிக்கிறீங்க? சரி.

அப்புறம் வால்வு. அஞ்சாறு வால்வுல ஏதாவது ஒண்ணு உள்ளுக்குள்ள ஆடிப்போயிருந்தா, பென்சிலால தட்டினா ஸ்பீக்கர்ல மணி மாதிரி கேக்கும். இது உண்மையான வழிதான், ரிப்பேர் பண்றவங்களே அப்படித்தான் பாப்பாங்க. நான் ஸ்பீக்கர்ல காதை வெச்சுக்கிட்டேன், பிலோமினாவைப் பின்னாடி உக்கார வெச்சு பென்சிலைக் குடுத்தேன். தட்டுன்னா தட்டணும், அவ்வளவுதானே? அவ ரெண்டு தட்டு சரியாத் தட்டினா. அப்புறம் பாத்தா தகதிமி தகதிமின்னு தாளம் போட ஆரம்பிச்சிட்டா. ஒரு வால்வுல கீழ்ச்சத்தம், இன்னொண்ணுல மேல்சத்தம், மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டு, முகத்துல ஒரு சிரிப்பு வேற. நான் சொன்னேன், இது விளையாட்டு இல்லை பிலோ, ஒரே மாதிரி தட்டுன்னு. அப்புறம் ஒழுங்காத் தட்டினா. அதுலயும் ஒண்ணும் பிடிபடல.

இப்பதான் கதை சூடு பிடிக்குது, கேளுங்க.

கிட்டார் கம்பிக்கு அடியில காந்தம் இருக்கு பாருங்க, பிக்கப்னு பேரு. அதுக்குத் திசை உண்டு. கிட்டாரோட நீங்க மெதுவாச் சுத்தினா, ஒரு பக்கம் இரைச்சல் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். நான் சுத்திச் சுத்திப் பாத்து, இந்த வீட்ல இரைச்சல் எங்க கம்மின்னு கண்டுபிடிச்சேன். அதோ, அந்த ஸ்டோர் ரூம் கதவைப் பாத்து உக்காந்தா. அதனால நான் வாசிக்கிறப்ப அரிசி மூட்டையைப் பாத்துத்தான் வாசிப்பேன். பிலோமினா எனக்குப் பின்னாடி, அந்த நாற்காலியில. அவ இருந்தாளா எழுந்து போனாளான்னு எனக்குத் தெரியாது, நான் திரும்ப முடியாது இல்லையா.

கோயில்லயும் இதே கதைதான். ஃபாதர் பெரிய மனசு பண்ணி ஒரு ஞாயித்துக்கிழமை பூசைக்கு வாசிக்கச் சொன்னாரு. இங்க கிராப்பட்டியிலேருந்து இதை ஆட்டோவுல ஏத்திட்டுப் போனேன். அங்க போயி சுத்திப் பாத்தா, இரைச்சல் அடங்குற திசை பீடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். சாமிக்கும் ஃபாதருக்கும் முதுகைக் காட்டி, வாசலைப் பாத்து நின்னுக்கிட்டிருக்கேன். லேட்டா வர்றவங்க ஒவ்வொருத்தரையும் நான்தான் வரவேற்கிற மாதிரி ஆயிடுச்சு. சிலர் எனக்கு வணக்கம் வெச்சாங்க. ஒரு அம்மா என்கிட்ட காணிக்கை நீட்டுச்சு.

அதுகூடப் பரவாயில்லைம்மா. இன்னொரு சங்கதி இருக்கு. கம்பி மேல கை இருக்கிற வரைக்கும் இரைச்சல் அமுங்கியிருக்கும், கையை எடுத்தா கிளம்பிடும். ஃபாதர் பிதா சுதன்னு ஆரம்பிச்சாரு, நான் சிலுவை போடக் கையை எடுத்தேன், ங்ங்ங்ங்னுச்சு. டக்குனு கையை வெச்சேன், நின்னுது. எல்லாரும் கை கூப்புறாங்க, நான் கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எழுந்தேற்றம் வந்துச்சு, ஃபாதர் அப்பத்தைத் தூக்கிக் காட்டுற நேரம். மணி அடிச்சு, கோயிலே மண்டி போட்டு, குழந்தைங்ககூட மூச்சு விடல. எனக்கு மூக்கு அரிச்சுது. மனுஷன் எவ்வளவு நேரம் பொறுப்பான்? கையை எடுத்தேன். ஃபாதர் அப்பத்தைத் தூக்கின கையோட அப்படியே நின்னுட்டாரு.

பூசை முடிஞ்சதும் ரொம்ப அன்பாத்தான் பேசினாரு. "சார், கீபோர்டே போதும்னு நினைக்கிறேன். நீங்க சிரமப்பட வேண்டாம்." என் சிரமத்தைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆள் அவர்தான்.

இவ்வளவு எதுக்குன்னு கேப்பீங்க. பிலோமினா உள்ள இருக்கா, மெதுவாச் சொல்றேன். அவ பாடுவா. சாதாரணமா இல்லை. கல்யாணத்துக்கு முன்னாடியே பாட்டுக் குழுவுல தனியாப் பாடினவ. பொண்ணு பாக்கப் போனப்ப அவளை நான் சரியாப் பாக்கக்கூட இல்லை, உள்ளேருந்து ஒரு மாதா பாட்டு கேட்டுச்சு, எங்கப்பா காதுல சரின்னு சொல்லிட்டேன். நான் வேலை பாத்த ஊரெல்லாம் அவ கோயில் பாட்டுக் குழுவுல சேர்ந்துடுவா. தஞ்சாவூர்ல அவ பதிலுரைப் பாடல் பாடுறதைக் கேக்கவே பக்கத்துப் பங்குக் கோயில்லேருந்து ஆளுங்க வருவாங்க. நான் ஆடிட்டு, இன்ஸ்பெக்‌ஷன்னு அலைஞ்சதுல பாதி கேட்டதில்லை.

வர்ற மே மாசம் எங்களுக்கு நாப்பதாவது கல்யாண நாள். அன்னிக்கு நான் வாசிக்கணும், அவ பாடணும். வேற ஆசையே எனக்குக் கிடையாது. பெரிய ஹால் வேண்டாம், பிரியாணி வேண்டாம். அவ பாட்டுக்கு ஒரு தடவை நான் வாசிச்சாப் போதும். அதுக்குத்தான் இந்த ஆம்ப்ளிஃபயர், இந்தப் பாடு எல்லாம். ஆனா அவ பாடுறதையே நிறுத்திட்டாம்மா. வீட்லயும் இல்லை, கோயில்லயும் இல்லை. கேட்டா, "நீங்க முதல்ல சத்தத்தைச் சரி பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போயிடுறா. அவ குரல் இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கும்மா. சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனா அதான் நெசம்.

அதனாலதான் நான் விடாம தேடுறேன். தேடித் தேடி என் காது எவ்வளவு கூர்மையாயிடுச்சுன்னா, ஒரு நாள் காலையில புதுசா ஒரு சத்தம் பிடிச்சேன். பழைய இரைச்சல் இல்லை, இது மெல்லிசு. விட்டு விட்டு வருது. காலையில வருது, மத்தியானம் இல்லை, சாயங்காலம் மறுபடி வருது. நாலு நாள் கவனிச்சேன். டிவியைப் பிடுங்கினேன், வாட்டர் ஃபில்டரை நிறுத்தினேன், கடைசியா மெயினையே அணைச்சேன். வீட்ல ஒரு பொட்டு கரண்ட் இல்லை. அப்பவும் வருது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சத்தம் போற வழியிலயே நடந்து போனேன், ஹால், நடை, சமையல் கட்டு. கையும் களவுமாப் பிடிச்சேன்.

பிலோமினா. தோசை வாத்துக்கிட்டே வாய்க்குள்ள ஏதோ பாடிக்கிட்டிருக்கா.

நான் கோவப்படல. பொறுமையா எடுத்துச் சொன்னேன். இந்த மாதிரி நேரத்துல இன்னொரு சத்தம் கலந்தா நான் எதை எதுன்னு பிரிக்கிறது, இதை நிறுத்தினா எனக்கு வேலை சுலபமாகும்னு. அவ தோசைக் கரண்டியோட என்னையே பாத்தா. "நான் பாடிக்கிட்டா இருந்தேன்? எனக்கே தெரியாதுங்க"ன்னா. அவ்வளவுதான். அன்னிலேருந்து ஒரு சத்தம் இல்லை. சொன்னா உடனே புரிஞ்சுக்கிற குணம் அவளுக்கு. அந்த ஒரு சத்தத்தை மட்டும்தான் நான் இதுவரைக்கும் முழுசாச் சரி பண்ணியிருக்கேன்.

அவ கோயில்ல பாடுறதை எப்ப நிறுத்தினான்னா? அதே சமயம்தான் இருக்கும். ஏன் கேக்குறீங்க? தொண்டையில ஏதாவது இருக்கும், டாக்டர்கிட்ட காட்டலாம்னு சொன்னேன், வேண்டாம்னுட்டா.

என்ன, மாட்டிப் பாக்கணுமா? தாராளமா. உங்க தம்பி கிட்டார்தானே, பாத்து, கீழ போட்டுடப் போறீங்க. என்னது, உங்களோடதா? ஓ, ஸ்கூல்ல கத்துக் குடுக்கிறீங்களா. சுகிர்தா டீச்சர். நல்லது, நல்லது. சின்னப் பிள்ளைங்களுக்கு ஆரம்பப் பாடம்தானே. நீங்க கேபிளும் கொண்டு வந்திருக்கீங்களா, என்னோடதே இருக்கே. சரி, உங்க இஷ்டம். நான் ஆன் பண்றேன். வால்வு சூடாகணும், பொறுங்க. இப்ப வரும் பாருங்க அந்த இரைச்சல். காதைப் பொத்திக்கிட்டாலும் தப்பில்லை.

வரும்.

ஒரு நிமிஷம். ஆன் ஆயிருக்கா? லைட்டு எரியுது. வால்வும் எரியுது. உங்க கிட்டார்ல ஏதோ கோளாறு இருக்கும்மா, வர வேண்டிய சத்தம் வரல. சும்மா ஏதாவது வாசிங்க பாப்போம்.

...

நல்லாத்தான் வாசிக்கிறீங்க. என்ன பாட்டு இது, கேட்ட மாதிரி இருக்கே. மாதா பாட்டா? வேகமா வேண்டாம், அப்படியே மெதுவா. நாதம் பாருங்க. நான் சொன்னேன் இல்ல, வால்வு நாதம்னா வால்வு நாதம்தான்.

இருங்க. கேக்குதா? வேற ஏதோ சத்தம். நீங்க நிறுத்தாதீங்க, வாசிங்க, வாசிங்க. சமையல் கட்டுலேருந்து வருது.

பாடுறா.

பிலோமினாம்மா. பிலோமினாதான். வாயைத் தொறந்தே பாடுறா. உங்க வாசிப்புக்குச் சரியா, அதே சுருதியில. ஐயோ, எவ்வளவு நாளாச்சு! அந்தக் குரல் அப்படியே இருக்கும்மா, ஒண்ணும் ஆகல அவ தொண்டைக்கு. நிறுத்திடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். காபி பொங்கினாப் பொங்கட்டும்.

இதுதான் நேரம். இதுக்குத்தான் நான் காத்திருந்தேன். இன்னொரு ஓட்டை இருக்கு பாருங்க ஆம்ப்ளிஃபயர்ல, நானும் மாட்டிக்கிறேன். நீங்க வாசிங்க, நான் கூட வர்றேன். இந்தா, வந்துட்டேன்.

ஏன் நிறுத்திட்டா? பிலோ? பாடும்மா. நான்தான், நானும் வாசிக்கிறேன். பாடு.

குழாயைத் தொறந்துட்டா. பாத்திரம் கழுவுறா.

இரைச்சல் திரும்ப வந்துடுச்சு, அதனாலதான். சரி, என்னோடதைக் கழட்டிடுறேன். நீங்க மட்டும் வாசிங்க. இல்லை, என்னைப் பாக்காதீங்க, வாசிங்க.

குழாயை மூடிட்டா.

பாடுறா பாருங்க.

இருங்க, இரைச்சல் இல்லாமலே பாக்கலாம். நான் ஆம்ப்ளிஃபயர்ல மாட்டல, வெறும் கிட்டாரை மெதுவா... கொஞ்சம்தான், அவளுக்குக் கேக்கக்கூட செய்யாது...

நிறுத்திட்டா.

ம்.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? எனக்கு ஒண்ணும் இல்லை. கிட்டாரை ஓரமா வெச்சுடுறேன். நீங்க உக்காருங்க, எழுந்துக்காதீங்க. விக்கிறதா வேண்டாமாங்கிறதை அப்புறம் பேசிக்கலாம், அதுக்கு ஒண்ணும் அவசரமில்லை. நீங்க அந்தப் பாட்டையே முதல்லேருந்து வாசிங்க. நான் வாசல் கேட்டுக்கு வெளியில போயி, தெருவுல எப்படிக் கேக்குதுன்னு பாத்துட்டு வர்றேன். அதையும் பாக்கணும் இல்ல, ரத்தினவேல் வீட்டுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாது பாருங்க. கொஞ்ச நேரம் ஆகும். நான் எங்கேன்னு அவ கேட்டா, கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க.

கதவை மட்டும் சாத்திடாதீங்கம்மா.